முதல் வரியில் ஒரு டாலர்

நான் எழுதிக் கொடுத்தது ஒன்பது வரி.
தடித்த எழுத்து, நல்ல தாள்,
கொஞ்சம் பெருமையும் இருந்தது.

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி,
இருபத்திரண்டு நாற்காலி போட்ட டயாலிசிஸ் நிலையம்.
கடைசி நோயாளி படியிறங்கியதும்
அன்றைய பதிவுகளை இன்னொரு பெட்டிக்குள்
நகலெடுத்து வைக்க வேண்டும்.
பொத்தான் செய்து தர மூன்று வாரமாகும் என்றேன்.
கறுப்புத் திரையில் தட்டினால் பத்து நொடி என்றேன்.
தட்டப்போவது யார் என்று கேட்கவில்லை.

புஷ்பலீலா தட்டினார்.
பதிவு மேசையில் பன்னிரண்டு வருடம்.
யாருக்கு எந்தக் கையில் ஊசி,
யார் ஜன்னலோரம் கேட்பார், எல்லாம் மனப்பாடம்.
முதல் இரவு பதினொன்றே காலுக்கு அழைத்தார்.
"தம்பி, தூங்கிட்டீங்களா?
இந்த டாலர் எதுக்கு?
நமக்கு ரிங்கிட்தானே?"

வரியின் தலையில் நின்ற $ குறி.
தட்டுவதற்கல்ல அது,
திரை நமக்காகத் திறந்துவைத்த வாசல்.
உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டு
வாசற்படியையும் தூக்கி வரச் சொல்லியிருக்கிறேன்.
பதினைந்து வருடமாக என் கண்முன் இருக்கிறது.
ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

இரண்டாம் இரவு,
'உங்கள் பெயர்' என்று நான் எழுதிய இடத்தில்
என் பெயரைத் தட்டிவிட்டார்.
தாள் உங்களோடது, உங்கள் பெயர்னா
உங்க பேருதானே, என்றார்.
அப்படி ஒருவர் இங்கே இல்லை
என்று சொல்லியிருக்கிறது இயந்திரம்.
சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மூன்றாம் இரவு ஒரு பிழையும் இல்லை.
திரை எதுவும் பேசாமல்
அடுத்த வரிக்கு இறங்கிக் கண்சிமிட்டியது.
பதில் வரும் என்று உட்கார்ந்திருந்தார்.
கடைசி கொமுட்டர் போய்விட்டது.
கிராப் பிடித்து வீடு சேர மணி ஒன்று,
பதினெட்டு ரிங்கிட்.

என் தொழிலில் மௌனம் என்றால் முடிந்தது.
அவர் கூடத்தில்
இருபத்திரண்டு இயந்திரங்கள் நாளெல்லாம் முனகும், கூவும்.
ஒன்று பேச்சை நிறுத்தினால்
தாதி சியூ லான் ஓடுவாள்.

சனிக்கிழமை போனேன்.
"பசியாறிட்டீங்களா?" என்றார், ஒரு பொட்டலம் மீகூன் நீட்டினார்.
பிறகு அவர் தட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன்,
சுட்டெலியைப் பிடுங்கிவிடாதபடி
இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.
வாய்விட்டுப் படித்தார்.
அவர் குரல் நின்ற இடங்களை
மனசுக்குள் எண்ணினேன். பதினேழு.
எண்டர் என்றால் எதற்குள் நுழைவது?
இரண்டு சொல்லுக்கு நடுவில் இருப்பது
வெறும் தாளா, தட்ட வேண்டிய ஒன்றா?
அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்
அவரே பால்பாயிண்டால் சின்னக் கட்டம் போட்டார்.
பக்கத்தில்: நீளப் பொத்தான், ஒருதரம்.

'செயல்படுத்தவும்' என்பதை அடித்துவிட்டு
'தட்டுங்க' என்றார்.
'வெற்றிகரமாக' என்பதை அடித்துவிட்டு
எதுவும் எழுதவில்லை.
டாலரை மட்டும் விட்டுவைத்தார், வட்டம் போட்டு:
இது காசு இல்லை. தொடாதீங்க.
ஒன்பது வரி இருபத்தாறு ஆயிற்று.
கடைசி வரி முழுக்க அவருடையது:
ஒண்ணும் வராது. பயப்படாதீங்க. வீட்டுக்குப் போங்க.

தீபாவளிக்கு அவர் ஐந்து நாள் ஈப்போ போனார்.
இரவுக் காவலர் ஹம்சாவுக்காக
தாளின் பின்பக்கம் மலாயில் எழுதி வைத்திருந்தார்.
அதை என்னிடம் காட்டவில்லை.
பிறகொரு நாள் திருப்பிப் பார்த்தேன்.
முன்பக்கத்தில் இல்லாத ஒரு வரி
எல்லாவற்றுக்கும் மேலே:
முதலில் உட்காருங்கள்.

அந்த ஐந்து இரவும்
ஹம்சா எனக்குப் படம் அனுப்பினார்.
கறுப்புத் திரை, கண்சிமிட்டும் கோடு,
வேறொன்றும் இல்லை.
படத்தின் ஓரத்தில்
நாற்காலியின் கைப்பிடி.